ரிஷபத்தில் இருந்த சனி

"சனியும் சந்திரனும் ஒரே வீட்டில் இருந்தா என்ன அர்த்தம், அம்மா?" என்று தெய்வநாயகம் கேட்டார்.

உலகம்மை புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்தை நடத்துபவர் அவர்தான். அங்கே தங்கியிருந்த தெய்வநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர்.

"ஜோசியர் நீங்க. என்கிட்ட கேக்கீங்க."

"நான் ஜோசியத்தை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அது உங்களை விட்டுச்சா?"

தெய்வநாயகம் தானும் ஒரு புளியை எடுத்துக் கொட்டையை நோண்டத் தொடங்கினார்.

"சரி, சொல்லுங்க. புத்தகத்தில் என்ன போட்டிருக்கு?"

"அதுக்குப் புனர்பூன்னு பேரு. கல்யாணம் வாசல் வரைக்கும் வரும். நிச்சயமும் ஆகும். அப்புறம் நின்னுபோகும்."

"எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க?"

"கணக்கில்லை. ஆனா ஒரு ஜாதகம்தான் மனசிலேயே நிக்குது."

"யாருது?"

"என் தங்கச்சி மங்கை."

உலகம்மை ஒரு கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டார். மேலே சொல்லும்படி கேட்கவில்லை. தெய்வநாயகமே சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஜோசியம் பார்க்கத் தொடங்கிய புதிது. தங்கைக்கு வரன் தேடிய அப்பா, ஜாதகக் குறிப்பை எழுதும் வேலையை மகனிடமே கொடுத்தார். மகன் கட்டம் போட்டான். ரிஷபத்தில் சந்திரன். அதே ரிஷபத்தில் சனி.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் 'புனர்பூ உண்டு' என்று தன் கையால் எழுதினான். மூன்று இடம் கூடி வந்தது. மூன்றும் திரும்பிப் போயின. இரண்டாவது இடத்தில் வெற்றிலை பாக்கு மாற்றும் நாள்கூடக் குறித்திருந்தார்கள்.

"அந்த வீட்டுக்காரங்க ஜோசியரே கண்டுபிடிக்க மாட்டாரா? நீங்க எதுக்கு எழுதணும்?"

"கண்டுபிடிச்சிருக்கலாம். கண்டுக்காம விட்டிருக்கவும் செய்யலாம். நான் முந்திக்கிட்டேன்."

"ஏன்?"

"ஜோசியன் வீட்டுப் பொண்ணு, தோஷத்தை மறைச்சுக் கட்டி வச்சுட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

"யாரும் சொல்லலையே?"

"சொல்லலை. தங்கச்சி ஜாதகத்தையே மறைக்காதவன்னு ஊரெல்லாம் பேசினாங்க. அதுக்கப்புறம்தான் எங்க வாசல்ல கூட்டம் நிக்க ஆரம்பிச்சுது."

உலகம்மை அடுத்த புளியை எடுத்தார்.

"மங்கைக்கு இப்ப எத்தனை வயசு?"

"அம்பத்திரண்டு. அம்பாசமுத்திரத்தில், அதே வீட்டில் இருக்கா. தையல் மெஷின் வச்சிருக்கா."

தெய்வநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன.

"முதல் கட்டம் வாக்கியப் பஞ்சாங்கப்படி போட்டது. எங்க அப்பா வீட்டில் அந்தப் பஞ்சாங்கம்தான். போன மாசம் என்னவோ தோணி, வேற கணக்குள்ள திருக்கணிதப் பஞ்சாங்கப்படியும் போட்டுப் பார்த்தேன். அவ பிறக்கிறதுக்குப் பதினேழு நாள் முன்னாலேயே சனி மிதுனத்துக்குப் போயிடுச்சு. சந்திரன் ரிஷபத்தில் தனியா நிக்குது. சேர்க்கையே இல்லை."

"உங்களுக்கு என்ன வேணும், ஜோசியரே?"

"எந்தப் பஞ்சாங்கம் சரி?"

உலகம்மை சிரித்துவிட்டார்.

"நான் தாலுகா ஆபீஸில் டைப் அடிச்சவ. எத்தனை பேருக்குப் பிறந்த தேதியைத் தப்பா அடிச்சேன்னு எனக்கே தெரியாது. என்கிட்ட வந்து சனி எங்கே இருந்துச்சுன்னு கேக்கீங்க."

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல் கட்டம் சரின்னா என் மேல தப்பு இல்லை. ரெண்டாவது சரின்னா அவகிட்ட நான் சொல்லியாகணும். ஒரு மாசமா தூக்கம் இல்லைம்மா."

"சொன்னா தூக்கம் வருமா?"

"வரும்னு நினைக்கிறேன்."

"அவங்களுக்கு?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "உண்மை அவளுக்கும் தெரியத்தானே வேணும்?" என்றார்.

உலகம்மை கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு நான்காக மடித்து அவரிடமே கொடுத்தார்.

"அவங்க ஜாதகம். அவங்க கையில் கொடுங்க. அவங்க சொல்றதை இங்கே வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்."

மறுநாள் பதினொரு மணி பஸ்ஸில் தெய்வநாயகம் அம்பாசமுத்திரத்தில் போய் இறங்கினார்.

மங்கை பள்ளிக்கூடச் சீருடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "வாண்ணே. சாமியாரா போனவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சா?" என்றாள். மெஷினை நிறுத்தவில்லை. "உலையில அரிசி போட்டாச்சு. இன்னொரு பிடி போடுதேன், இரு."

"அதுக்கு முன்னால இதைப் பாரு."

அவள் தாளைப் பிரித்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள்.

"இது என் கட்டம்தான். பக்கத்தில் இருக்கது யாருது?"

"அதுவும் உன்னோடதுதான். அதுதான் சரியா இருக்கும்போலத் தெரியுது."

"இதில் சனி தள்ளி இருக்கே."

"ஆமா."

"அப்போ புனர்பூ?"

"இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை, மங்கை."

அவள் அழுவாள் என்று நினைத்து வந்திருந்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. முதல் கட்டத்தில் ரிஷபத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுக்களையில் உலை கொதித்து மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"எழுதுறதுக்கு முன்னாலேயே கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிடு."

"அது இல்லைண்ணே. இதைக் காட்டட்டுமான்னு கேட்டிருக்கலாம்."

அவருக்குப் புரியவில்லை.

மங்கை தாளை மடித்தாள். எழுந்து வந்து, அவருடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் திரும்பிப் போனாங்க. அன்னைக்கெல்லாம் மத்தியானம் உனக்கு நான்தான் சோறு போட்டேன். சனி செஞ்சதுக்கு எங்க அண்ணன் என்ன பண்ணுவான்னு நினைச்சுத்தான் போட்டேன்."

"மங்கை..."

"இப்ப என்ன நினைச்சுக்கிட்டுப் போடட்டும், சொல்லு."