மடவை மீனுக்குப் பொரி

"சாகப்போற நேரத்துல ஒருத்தி வாயைத் திறந்தா, அது என்னத்துக்கும்மா?"

கேட்டவர் சங்கரநயினார். டவுனில் பொரிகடலை மண்டி வைத்திருக்கிறவர். அறுபதைத் தாண்டியவர்.

கேட்கப்பட்டவர் நாச்சியாரம்மா. அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். கடலோரத்து உப்பங்கழியின் கரையில், ஓட்டு மடம் ஒன்றில் இருக்கிறார். மனதில் கேள்வி உள்ளவர்கள் அவரிடம் வருவார்கள். பதிலோடு திரும்பியவர்கள் குறைவு.

"யாரு திறந்தது?"

"என் வீட்டுக்காரி செண்பகவடிவு. போன வருஷம் போயிட்டா. கடைசி நாள்ல பேச்சு வரலை. என்னையே பாத்துக்கிட்டு வாயை வாயைத் திறந்தா. பால் கேக்கான்னு எல்லாரும் சொன்னாங்க. ஊத்துனேன். இறங்கலை. மறுபடியும் திறந்தா. மறுபடியும் ஊத்துனேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

நாச்சியாரம்மா பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கை மகளுக்கு வளைகாப்பு.

"அவ கேட்டது பால் இல்லைன்னு மனசு அடிச்சுக்குது. என்ன கேட்டான்னு தெரிஞ்சாப் போதும். ஒரு ராத்திரியாவது தூங்குவேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஐயா. நான் வார வரைக்கும் இங்கயே இருங்க. விடியக்காலம் கழியில மீன் மேல வரும். அதைப் பாருங்க."

"பாத்து?"

"பாருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

அம்மா போய்விட்டார்.

நயினாருக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டு விசேஷத்திலும் பந்தியில் நிற்பார். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால், விரலுக்கு இடையில் விடுவார் சாம்பாரை. நல்ல மனுஷன். அதுதான் தொந்தரவு.

மறுநாள் விடிய விடியக் கரைக்குப் போனார்.

அம்மா சொன்னது சரி. அங்கங்கே மடவை மீன்கள் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"பட்டினியாக் கிடக்கே!"

உடனே மண்டிக்குப் போன் போட்டார். ஆட்டோவில் பொரி வந்தது. மூட்டையைப் பிரித்து இரண்டு கையாலும் அள்ளி வீசினார். கழி வெள்ளையாகப் பூத்தது.

அடுத்த நாள் இன்னும் நிறைய வாய்கள்.

"பத்தலை போலிருக்கே."

இந்தத் தடவை வெல்லமும் சேர்த்து வரவழைத்தார்.

அதற்கடுத்த நாள் நண்டுகள் தண்ணீரை விட்டுக் கரையேறி நின்றன. நயினாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நண்டுகூடப் பந்திக்கு வந்துவிட்டதே என்று அவற்றுக்கும் ஒரு பிடி போட்டார். செண்பகவடிவு போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

நாச்சியாரம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது நாற்றம் ரோட்டுக்கே வந்தது.

கரை ஓரமெல்லாம் கொடுவா மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. பெரிய பெரிய மீன்கள். நடுக்கழியில் உயிரோடு இருந்தவை எல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே பொரி, ஊறிக் குழைந்து நுரையாகக் கிடந்தது.

நயினார் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"மூட்டை மூட்டையா."

"தின்னுச்சா?"

அவர் யோசித்தார். மூன்று நாளாகக் கழிக்கரையில் இருந்தும் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"இல்லைம்மா. ஒண்ணுகூடத் தின்னலை."

"பெறவு ஏன் போட்டீங்க?"

"வாயைத் திறந்துச்சேம்மா!"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் வந்த கோபம்.

"ஒண்ணு ரெண்டு மேல வரும்போதே நான் பொழியை வெட்டிட்டுப் போயிருக்கணும். வந்து வெட்டிக்கலாம்னு போனேன். உங்க கையையாவது கட்டிப்போட்டுட்டுப் போயிருக்கணும். எந்திரிங்க."

மடத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு மண்வெட்டி கொண்டுவந்தார்.

கழி கடலோடு சேருகிற இடத்தைப் பொழி என்பார்கள். கோடையில் அலை மணலைத் தள்ளி அதை அடைத்துவிடும். கடல் அந்தப் பக்கம், கழி இந்தப் பக்கம், நடுவில் ஒரு மேடு. இருவரும் அதை வெட்ட ஆரம்பித்தார்கள்.

நயினார் நாலு வெட்டு வெட்டிவிட்டுக் கேட்டார்.

"பசி இல்லைன்னா அதுங்களுக்கு என்னம்மா?"

"தண்ணிக்குள்ளயும் காத்து இருக்கு, ஐயா. மீனு அதைத்தான் இழுக்கும். பொழி அடைச்சிட்டா தண்ணி அசையாது, காத்து குறைஞ்சிரும். ராத்திரி முழுக்கக் குறைஞ்சு குறைஞ்சு, விடியுறப்போ ஒண்ணும் மிஞ்சாது. அதான் மேல வந்து தவிக்கும். அடியில கிடக்குற நண்டு கரைக்கு ஓடி வந்துரும்."

"என் பொரி?"

நாச்சியாரம்மா சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தார்.

"அழுகுற பண்டமும் காத்தைத் தின்னும். இருந்த கொஞ்சத்தையும் அது தின்னுட்டுது."

நயினார் குனிந்து வெட்டினார். மண்டி முதலாளியின் கை, சீக்கிரமே கொப்புளம் கண்டது. நிறுத்தவில்லை.

கடல் ஏறுகிற நேரம். ஓர் அலை மேட்டைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்தது திரும்பவில்லை. வெட்டிய வழியில் முதலில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் வந்தது. பிறகு மணலை அரித்துக்கொண்டு தானே வழியைப் பெரிதாக்கிக்கொண்டு, நுரையும் சத்தமுமாகக் கழிக்குள் பாய்ந்தது.

பக்கத்தில் இருந்த மடவைகள் தண்ணீர் வந்த திசைக்குத் தலையைத் திருப்பின. கொஞ்ச நேரம் அப்படியே எதிர்த்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு கீழே போயின.

நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஒன்றும் செய்யாமல் பார்த்தார்.

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

"அம்மா."

"சொல்லுங்க."

"அன்னைக்கு வீடு முழுக்கச் சனம். கட்டிலைச் சுத்தி இடமே இல்லை. தலைமாட்டுல ஊதுவத்தி வேற புகைஞ்சுது."

நாச்சியாரம்மா நிமிர்ந்தார்.

"மார்கழி மாசம். பனி அவளுக்கு ஆகாதுன்னு, சன்னலை எல்லாம் நான்தாம்மா சாத்தச் சொன்னேன்."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷன், வெட்கமில்லாமல் அழுதார்.

நாச்சியாரம்மா கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து, பிடியில் ஒட்டியிருந்த ஈரமணலைத் துடைத்து, அவர் முன்னால் நீட்டினார்.

"அந்தக் கோடியில இன்னும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஐயா. ஆழமா வெட்டுங்க."