பத்திரம் என்று சொன்ன ஆள்காட்டி

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் நம்மைப் போலவே வாயடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய ஏரிக்கு ஆள்காட்டிக் குருவிதான் காவல். நெட்டைக் காலோடு கரையெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு, "பத்திரம்!" என்று குரல் கொடுப்பாள். ஆபத்து துளியும் இல்லை என்று அதற்குப் பொருள். அதைக் கேட்காமல் யானைகூடத் தண்ணீரில் வாய் வைக்காது. அந்தப் பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

ஒரு கோடையில் புள்ளிமான் ஒருத்தி தன் ஒரே குட்டியோடு வந்தாள். குட்டிக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது.

"அக்கா, இவன் இறங்கலாமா?"

ஆள்காட்டி பார்த்தாள். தூரத்தில் ஒரு கட்டை மிதந்தது. முதலையோ? சேச்சே, நூறு கட்டையில் ஒன்று முதலையாக இருந்தால் அதிகம். இதைப் போய்ச் சொல்லி, தாகத்தோடு நிற்கும் பிள்ளையை மிரட்டுவானேன்? நல்ல மனசுதான், பாவம்.

"பத்திரம்!" என்றாள்.

குட்டி குனிந்தது. கட்டை வாயைத் திறந்தது.

ஆள்காட்டி அலறிக்கொண்டு பாய்ந்து முதலையின் கண்ணைக் கொத்தினாள். அது தலையை உதறிய நேரத்தில் குட்டி கரையேறிவிட்டது. காது நுனி மட்டும் போயிற்று.

"நூத்துல ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன் தங்கச்சி" என்று அழுதாள் ஆள்காட்டி.

மான் குட்டியின் காதை நக்கிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு நூத்துல ஒண்ணு. எனக்கு இருக்கிறதே ஒண்ணுதானே அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் ஆள்காட்டியால் தாங்க முடியவில்லை.

"இனி அந்தச் சொல் என் வாயில வராது. நிழல் ஆடினாலும் கத்திடுவேன்."

"கத்து அக்கா. ஆனா நாளைக்கும் இவனுக்குத் தாகம் எடுக்குமே. ஆபத்தே இல்லாத தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

மறுநாள் அதே கரையில் குட்டியை இறக்கிவிட்டு, மானே "பத்திரம்டா" என்றாள். சொன்னதோடு விடவில்லை. அவன் குடித்துவிட்டு மேலே வரும்வரை கண்கொட்டாமல் நின்றாள். குடத்தோடு வந்த ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளை உண்டு.

அன்று முதல்தான் ஆள்காட்டி ஒவ்வொரு நிழலுக்கும் ஊரைக் கூட்டுகிறது. அன்று முதல்தான் பிள்ளையை வெளியே அனுப்பும் தாய், "பத்திரம்" என்று சொல்லிவிட்டு, அது தெருமுனை திரும்பும்வரை வாசலைவிட்டு நகராமல் நிற்கிறாள்.