சுவருக்கு ஒத்து

“ஊரே என்னை உங்களுக்கு ஒத்துங்குது, வாத்தியாரம்மா” என்றார் கலியமூர்த்தி.

சொல்லிவிட்டு ரோலரை வாளிக்குள் போட்டார். போட்ட வேகத்தில் பெயின்ட் தெறித்து அவள் சேலையில் பட்டது. அவள் சேலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

வாத்தியாரம்மா என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா இல்லை. பெயர் சந்தனமேரி. ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவள். இன்றைக்கு ஆற்றோரத்து ஊர்களில் எந்தச் சுவரில் ஆளுயரப் படம் இருந்தாலும் அது அவள் கைவேலைதான்.

கலியமூர்த்தி வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்துவிட்டு அவளிடம் படம் வரையக் கற்க வந்தவர். அவளைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு சிஷ்யனை ‘அண்ணே’ என்பாள், சிஷ்யன் குருவை ‘வாத்தியாரம்மா’ என்பார். கேட்கிறவர்கள் குழம்பினால் அது அவர்கள் பாடு.

ஒத்து என்பது நாதஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதுகிற குழல். அதில் ராகம் கிடையாது, ஊதுகிறவருக்குக் கைதட்டும் கிடையாது. எவனாவது இன்னொருத்தனுக்கு எப்போது பார்த்தாலும் ஆமாம் போட்டால், ‘இவன் அவனுக்கு ஒத்து ஊதறான்’ என்று ஊர் சொல்லும். கலியமூர்த்தியை அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு அது உள்ளுக்குள்ளே சுட்டுக்கொண்டே இருந்தது.

“என்ன வேணும்ணே?” என்றாள்.

“ஒரு சுவர். முழுசா என்னோடது. வேற ஒருத்தர் கை அதுல படக்கூடாது.”

“பஸ் ஸ்டாண்டுச் சுவரை எடுத்துக்குங்க” என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மேலக்கோரையூர் பஸ் ஸ்டாண்டுச் சுவர் என்றால் சும்மாவா? அந்த ஊரில் பிறந்து பேர் வாங்கிய நாலு வித்வான்களை அங்கே வரையவேண்டும் என்று விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது. நாயனம் ஒருவர், தவில் ஒருவர், கச்சேரி பாடுகிற பாட்டம்மா ஒருத்தி, பிடில் ஒருவர். நாலு பேருமே ஊருக்குச் சாமி மாதிரி.

கலியமூர்த்தி வேலையில் இறங்கிவிட்டார்.

எந்தச் சுவரானாலும் வாத்தியாரம்மா முதலில் அடிவண்ணம் அடிக்கச் சொல்வாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே நிறம். இத்தனை வருஷமும் அந்த வேலை கலியமூர்த்தி தலையில்தான் விழுந்தது. படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், மூக்கைப் பார்ப்பார்கள், பின்னால் இருக்கிற நிறத்தை எவன் பார்க்கிறான்? இனிமேல் அந்த ஜோலியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நாயனக்காரருக்குப் பின்னால் சிவப்பு. தவிலுக்கு நீலம். பாட்டம்மாவுக்குப் பச்சை. பிடிலுக்கு மஞ்சள். ஒவ்வொருத்தரும் ராஜா மாதிரி எழுந்து நின்றார்கள். தவில்காரர் விரலில் மாட்டியிருந்த கூடுகூட அசல். முகங்களில் குறை சொல்ல எவனாலும் முடியாது, உள்ளதைச் சொல்லவேண்டும்.

கமிட்டித் தலைவர் வந்தார். இந்தக் கோடியில் நின்று பார்த்தார், அந்தக் கோடியில் நின்று பார்த்தார். நாலு கடை போர்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாற்போல இருக்கிறதே என்றார். வெள்ளிக்கிழமை திறப்புவிழா, அதற்குள் சரி பண்ணுங்கள், இல்லாவிட்டால் மேலே பிளெக்ஸ் அடித்துத் தொங்கவிட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளெக்ஸ்! கலியமூர்த்திக்கு இது வாழ்க்கையில் முதல் சுவர். ஊர் சிரிக்கும்.

ஓடிப்போய் வாத்தியாரம்மாவை அழைத்துவந்தார்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“முகமெல்லாம் உசிரோட இருக்குண்ணே.”

“அப்புறம் எங்க தப்பு?”

“வாங்க, டீ குடிப்போம்.”

ஆத்திரத்தில் இருக்கிறவனுக்கு டீ இறங்குமா? ஆனாலும் போனார். குரு கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

சுவருக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு மேளக் கோஷ்டி கல்யாணத்துக்குப் போக பஸ்ஸை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. நாயனக்காரர் பட்டு அங்கவஸ்திரமும் தங்கச் சங்கிலியுமாக ஜம்மென்று இருந்தார். வாத்தியாரம்மா அவரிடம் போய், சுவரில் நிற்கிறவர் காது குளிர நாலு வரி ஊதவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவருக்கும் சந்தோஷம். நாயனத்தை உறையிலிருந்து எடுத்தார், வாயில் வைக்கிற சீவாளியைச் செருகினார், உதட்டுக்குக் கொண்டுபோனார்.

ஊதவில்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கலியமூர்த்தி கேட்டதற்கு முகவாயால் பெஞ்சின் கடைசியைக் காட்டினார். அங்கே ஒத்துக்காரர் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவசரமே இல்லை மனுஷனுக்கு.

“நாலு வரிதானேய்யா. அவரு இல்லாமலே ஊதுங்களேன்” என்றார் கலியமூர்த்தி.

நாயனக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வேட்டி இல்லாம தெருவுல நடங்கன்னா நடப்பீங்களா?”

டீக்கடையே சிரித்தது. கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை.

ஒத்துக்காரர் பன்னை முடித்தார். வாய் கொப்பளித்தார். குழலை எடுத்து ஊத ஆரம்பித்தார். ஒரே சுரம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஹாரனும் கண்டக்டர்கள் கூப்பாடும் அதன்மேல் வந்து வந்து போயின, அது பாட்டுக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் நாயனம் கிளம்பியது. கிளம்பி எங்கேயோ போயிற்று.

எல்லாரும் நாயனக்காரரைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். அவர் கையில் டீ ஆறிப்போயிற்று.

பஸ் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு ஏறிப்போனார்கள்.

வாத்தியாரம்மாவும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒற்றை ஆளால் ஆகிற காரியமா? ஒருத்தர் முகங்களின் ஓரம் கெடாமல் சின்ன பிரஷ்ஷால் வளைத்துக்கொண்டே வரவேண்டும், இன்னொருத்தர் பின்னாலேயே நாலு நிறத்தையும் மூடி ஒரே நிறத்தில் ரோலர் போட்டுக்கொண்டு வரவேண்டும். வேறொருத்தர் கை படக்கூடாது என்று வாயால் சொன்னவர் அவர்தான். இப்போது யாரிடம் போய்ப் பல்லைக் காட்டுவது? அதுவும் ரோலர் பிடிக்க வா என்று குருவையா கூப்பிடமுடியும்? வெட்கமாக இருந்தது. முடிந்தவரை தனியாகவே பார்ப்போம் என்று விடிந்ததும் கிளம்பினார்.

சுவரோரம் கட்டியிருந்த சாரத்தின் அடியில் யாரோ குனிந்து நின்றிருந்தார்கள்.

வாத்தியாரம்மா. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். முன்னால் பெரிய வாளி நிறைய வெள்ளை பெயின்ட், கலக்குகிற கொம்பு, தோளில் ரோலர். அவர் இத்தனை வருஷமும் சுமந்த அதே ரோலர்.

டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? அங்கிருந்தே குரல் கொடுத்தார். “என்ன வாத்தியாரம்மா, இன்னைக்கு நீங்க ஒத்தா?”

“ஆமா” என்றாள்.

கலியமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் கொம்பை வாளிக்குள் விட்டு நிமிர்ந்தாள்.

“என்ன நிறம்னு சொல்லுங்கண்ணே. கலக்கணும்.”