மகாராஜாவின் நாக்கும் ருஷ்ய நாயும்

செம்மணூர் மகாராஜா துங்கவர்மர் எதையும் தப்பாக உச்சரித்ததே கிடையாது. அவர் எப்படிச் சொன்னாலும் அதுதான் சரி என்று சபை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

அந்த ஊருக்கு ஸ்தெபான் என்ற ருஷ்ய வியாபாரி வந்து சேர்ந்தான். சித்திரை வெயிலில் கரடித் தோல் தொப்பி விற்க வந்தவன். ஒன்றுகூட விலைபோகவில்லை. ஊர் திரும்புமுன் தன் வெள்ளை நாயை மகாராஜாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். நாயின் பெயர் புரான். அதற்கு ருஷ்ய பாஷை மட்டும்தான் தெரியும்.

"'என்னிடம் வா' என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன?" என்று மகாராஜா கேட்டார்.

ஸ்தெபான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான். மகாராஜா முன் பல் தெரியப் பேசக் கூடாது என்பது அந்தச் சபையின் ஆசாரம். "கம்ஞே" என்ற சொல், விரல்களுக்கு நடுவே ஒரு முனகலாக வெளியே வந்தது.

"கோமுனே!" என்றார் மகாராஜா.

"ஆஹா!" என்றது சபை.

நாய் அசையவில்லை. மகாராஜா இன்னும் உரக்கக் கூப்பிட்டார். நாய் காதைச் சொறிந்துகொண்டது.

ஆசார அதிகாரி சேஷகிரி ராயர் எழுந்தார். "ருஷ்யர்களே இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்" என்றார். ராயர் தம் வாழ்நாளில் பார்த்த ஒரே ருஷ்யன் ஸ்தெபான்தான். "இவன் பொய் வார்த்தை கற்றுக்கொடுத்திருக்கிறான். மகாராஜாவை நாய் முன் அவமானப்படுத்திய இவன் நாக்கை அறுக்க வேண்டும்." ராயர் இலவசமாக ஒரு தொப்பி கேட்டதும், ஸ்தெபான் கொடுக்காததும் வேறு விஷயம்.

"நாளை அண்டை நாட்டு மன்னர் விருந்துக்கு வருகிறார்" என்றார் மகாராஜா. "இன்று சாயங்காலத்துக்குள் நான் கூப்பிட்டு நாய் வரவேண்டும். வராவிட்டால் ராயர் சொன்னபடி."

ஸ்தெபான் சபையின் விகடகவி கூத்தபிரானைத் தேடிப் போனான்.

"ஐயா, எங்கள் ஊர் மெய்யெழுத்தில் பாதி மெலிந்து வரும். உதடு மூடியிருக்கும்போதே நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய்விட வேண்டும். நாக்கின் நடுப்பாகம் அண்ணத்தில் ஒட்ட வேண்டும். அப்புறம்தான் உதட்டைத் திறக்கலாம். மகாராஜா முதலிலேயே திறந்துவிடுகிறார். வாயைப் பார்க்காமல் இது வராது. அவர் வாயை நான் பார்க்கக் கூடாது, என் வாயை அவர் பார்க்கக் கூடாது."

"தப்பு என்று சொல்லவும் கூடாது. அதை விட்டுவிட்டாய்" என்றார் கூத்தபிரான்.

சாயங்காலம் சபை கூடியது. கூத்தபிரான் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"ராயரே, மகாராஜாவிடம் 'நாக்கை நீட்டுங்கள்' என்று சொல்ல யாருக்கு அனுமதி?"

"அரண்மனை வைத்தியருக்கு மட்டும்."

"அவரும் வாயைப் பொத்திக்கொள்வாரா?"

"பொத்திக்கொண்டால் 'ஆ' காட்டச் சொல்லுவது எப்படி? வைத்தியருக்கு ஆசாரம் கிடையாது, ஓய்!"

"நல்லது. மகாராஜாவுக்கு நாக்கில் நோய். ஸ்தெபானை ஒரு நாழிகைக்கு வைத்தியராக நியமிக்க வேண்டும்."

"எனக்கு என்ன நோய்?" மகாராஜாவின் குரல் உயர்ந்தது.

"மாமன்னர்களுக்கு மட்டும் வருவது. நீங்கள் பாதி சொல்லும்போதே பத்துப் பேர் ஓடுகிறார்கள். மீதியைச் சொல்லும் வேலை அந்த நாக்குக்கு வந்ததே இல்லை. சோர்ந்து கிடக்கிறது."

மாமன்னர்களுக்கு மட்டும் வரும் நோயை வேண்டாம் என்று சொல்ல மகாராஜாவுக்கு மனம் வரவில்லை.

ஸ்தெபான் தலையில் வைத்தியர் தலைப்பாகை ஏறியது. அவன் வாயை அகலத் திறந்து தன் நாக்கு போகும் இடத்தைக் காட்டினான். ராயர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்தெபான் ஒரு கிண்ணத்திலிருந்து தேனை விரலில் தொட்டு, மகாராஜாவின் மேல் அண்ணத்தில் தடவினான்.

"நுனி பல்லுக்குப் பின்னால். நடு நாக்கு தேனில். உதட்டைத் திறக்காதீர்கள்... தப்பு! மறுபடியும்."

தப்பு என்ற சொல்லை அந்த மண்டபம் அன்றுதான் கேட்டது. தேன் இனிப்பாக இருந்ததால் மகாராஜா பொறுத்துக்கொண்டார். கிண்ணம் காலியாகும் சமயத்தில், உதடும் நாக்கும் ஒருவழியாக ஒத்துப்போயின.

"கம்ஞே!"

நாய் எழுந்தது. சபைக்குக் குறுக்கே ஓடிவந்து, அரச மடியில் முன்னங்கால்களை வைத்து, தேன் வழிந்த மோவாயை நக்கியது.

ஸ்தெபானின் நாக்கு அவனுக்கே மிஞ்சியது. தொப்பிகள் அனைத்தையும் மகாராஜா வாங்கிக்கொண்டார். சித்திரை முடியும்வரை ராயர் அவற்றில் ஒன்றை அணிந்தே சபைக்கு வரவேண்டும் என்று புதிய ஆசாரமும் பிறந்தது.

பிறகு மகாராஜா கேட்டார்: "கூத்தபிரானே, நான் தப்பாகச் சொன்னபோது இத்தனை பேரும் ஆஹா என்றீர்கள். இந்த நாய் மட்டும் ஏன் அசையவில்லை?"

"அது அரண்மனைச் சம்பளம் வாங்கவில்லை, மகாராஜா."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் இன்றே அதற்கு ஓர் உத்தியோகம் கொடுக்கிறேன்."

"வேண்டாம், மகாராஜா" என்றார் கூத்தபிரான். "அப்புறம் எப்படிக் கூப்பிட்டாலும் வந்துவிடும்."