அடிவானம் வரை தர்பார்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை விசித்திரசேனன் என்றொரு மகாராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டால் இறக்கிவைக்கத் தெரியாத மனுஷர். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். வந்தவர் சாப்பிட்டோமா, தாம்பூலம் போட்டோமா என்று கிளம்பியிருக்கலாம். போகிற போக்கில் நம் மகாராஜாவின் பாதங்களைப் பார்த்து, "அடடா, மண்ணே படாத கால்கள்! இவற்றை வைத்துக்கொண்டு நீர் மணற்காட்டில் மூன்று நாள் தாங்குவீரா?" என்று கேட்டுத் தொலைத்தார். மறுநாளே தண்டோரா போட்டாகிவிட்டது. மகாராஜா பரிவாரத்தோடு மணற்காட்டில் பன்னிரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறாராம். அவருடைய ரோஷத்துக்கு முந்நூறு பேர் மூட்டை கட்டினார்கள்.

அந்த மணற்காட்டை நீங்கள் பார்க்க வேண்டும். இல்லை, பார்க்கவே வேண்டாம். கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல். காற்று கிளம்பினால் மாவாகப் பறக்கும் தூசி. சோற்றில் தூசி, பாயில் தூசி, வாய் திறந்தால் பல்லில் தூசி. அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். காலில் ஒட்டுகிற தூசிதான் ஆளைக் கொல்லும். விரல் இடுக்கில் புகுந்து வியர்வையோடு சேர்ந்து அறுக்கும். ஈரத்தை உறிஞ்சிக் குதிகாலைப் பாளம் பாளமாக வெடிக்கவைக்கும். வெடிப்புக்குள் மணல் போனால் சீழ் பிடிக்கும். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களுக்கு இது தெரியும். கெட்டியான செருப்புப் போடுவார்கள், பொழுது சாய்ந்ததும் காலைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மகாராஜாவும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டார். அதாவது, தமக்கு மட்டும். காலையில் ஐந்து குடம், மாலையில் ஐந்து குடம் தண்ணீர் விட்டுப் பாதம் கழுவல். பட்டுத் துணியால் ஒற்றல். பிறகு குங்கிலிய வெண்ணெய்ப் பூச்சு. மற்ற நேரம் கூடார வாசலில் ரத்தினக் கம்பளம் விரித்து, மெத்தைமேல் காலை நீட்டி அமர்ந்திருப்பார்.

மற்றவர்கள் கதை வேறு. அதற்குக் காரணம் பூதலிங்கராயர். அரண்மனையின் முறைமை அதிகாரி. யார் எங்கே நிற்பது, எப்படிக் கும்பிடுவது, எவ்வளவு குனிவது என்று நாற்பத்திரண்டு முறைகள் எழுதிய ஓலைக்கட்டை இடுப்பிலேயே செருகிவைத்திருப்பார். அதில் முதல் முறை, ராஜ சந்நிதியில் எவரும் பாதரட்சை அணியலாகாது என்பது. அரண்மனையில் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளுகுளு கல்தரையில் நடக்கலாம். மணற்காட்டில் வாசல் ஏது, சுவர் ஏது? மகாராஜாவின் கூடாரமோ உயரமான மணல்மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் எடுக்கிற ஊற்றுப் பள்ளத்தின் விளிம்புவரை தெரியும். ஆகவே எல்லாமே சந்நிதிதான் என்று சொல்லி, வந்த முதல் நாளே முந்நூறு பேர் செருப்பையும் பிடுங்கி ஒரு கூடாரத்துக்குப் பின்னால் குவித்து, சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டார் ராயர்.

அரசவை விகடன் கொழுந்துவேலனும் வெறுங்காலோடுதான் திரிந்தான். ராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ராயர் பேசினால் மகாராஜா கொட்டாவி விடுவார், அவன் பேசினால் சிரிப்பார். இதைவிடப் பெரிய பகை வேண்டுமா?

நாலாம் நாள் காலை, தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. கொழுந்துவேலன் மேட்டின் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தான். தண்ணீர் சுமக்கிற பத்துப் பேரும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாடக்கண்ணு. அவன் பாதத்தைக் கொழுந்துவேலன் தூக்கிப் பார்த்தான். குதிகால் வெடிப்பில் சுண்டுவிரலை விடலாம். உள்ளே ரத்தமும் மணலுமாக இருந்தது.

"துணியாவது சுத்திக்கிட்டு நடக்கக் கூடாதா மாடக்கண்ணு?"

"சுத்தினோம் சாமி. ராயரய்யா ஆள் வச்சு அவுத்துட்டாரு. துணியும் பாதரட்சைக் கணக்குதானாம். நேத்து ரெண்டு பேரு குடத்தோட விழுந்துட்டானுவ. இனிமே தாமசமானா சவுக்கடின்னுருக்காரு. அடிக்கட்டும். அடிச்சா மட்டும் காலு நடந்துருமா?"

கொழுந்துவேலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று மேடேறினான். சுடுமணலில் தாவித் தாவி, தரையைப் பார்த்தே நடந்தவன் ஓரிடத்தில் நின்றான். மணல் முழுக்க ஐந்து விரலோடு காலடித் தடங்கள். நடுவே ஒரே ஒரு வரிசைத் தடத்தில் மட்டும் விரலே இல்லை. அது நேராகப் பூதலிங்கராயரின் கூடாரத்துக்குப் போயிற்று. ராயர் எப்போதும் தரையைப் பெருக்குகிற நீள அங்கி போடுகிறவர். ஓகோ என்று நினைத்துக்கொண்டான். இப்போது சொன்னால் கழற்றி ஒளித்துவிட்டு, பொய் என்று சத்தியம் செய்வார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

மேலே மகாராஜா எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "என் பாதங்களில் தூசி ஒட்டி ஒரு நாழிகை ஆகிறது! தண்ணீர் எங்கே?"

"மகாராஜா, தண்ணீர் சுமப்பவர்களின் கால்கள் புண்ணாகிவிட்டன. செருப்பு அணிய உத்தரவு தர வேண்டும்" என்றான் கொழுந்துவேலன்.

"முறை என் பாட்டனார் வகுத்தது. அதை மாற்ற நான் யார்?"

ராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். "மகாராஜா, சுமப்பவர்கள்மீது விகடனுக்கு இவ்வளவு கரிசனம். நாளை முதல் தண்ணீர்ப் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாமே. நாளை பொழுது சாய்வதற்குள் பத்துக் குடம் வந்தாக வேண்டும். முறையில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. தவறினால், நாம் ஊர் திரும்பும்போது அவர் மட்டும் இந்த மணலிலேயே தங்கட்டும்."

எரிச்சலில் இருந்த மகாராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார். யோசித்துச் சொல்கிற வழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது?

கொழுந்துவேலன் கைகூப்பினான். "சித்தம். ஓர் எழுத்தும் பிசகாது. ஒரே ஒரு சந்தேகம். சந்நிதி என்பது எதுவரை?"

"மகாராஜாவின் பார்வை எட்டும்வரை" என்றார் ராயர் பெருமையாக.

"அதுதான் தர்பாரா, மகாராஜா?"

"அதுதான் தர்பார்."

"அப்படியானால் அந்த ஓலைக்கட்டைக் கொஞ்சம் கொடுங்கள் ராயரே. முறை பிசகாமல் நடக்க வேண்டாமா?"

அன்றிரவு அவன் அதைக் கூடாரம் கூடாரமாகப் போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். மறுநாள் விடிந்ததும் மகாராஜா கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். பாசறையில் ஒரு சத்தமும் இல்லை. முந்நூறு பேரும் நின்ற இடத்திலேயே கைகூப்பித் தலைகுனிந்து நின்றார்கள். ஒரு கணம் அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பிறகு பசித்தது.

"உணவு எங்கே?"

"அடுப்பு மூட்டவில்லை, மகாராஜா. தர்பாரில் நெருப்பும் புகையும் ஆகாது. பதினேழாம் முறை" என்றான் கொழுந்துவேலன்.

"என் குதிரை?"

"தர்பாருக்குள் நாலுகால் பிராணி நுழையலாகாது. இருபதாம் முறை. அடிவானத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்."

"அங்கே காவலர்கள் ஏன் பின்னோக்கி நடக்கிறார்கள்?"

"தங்களுக்கு முதுகு காட்டலாமா? மூன்றாம் முறை."

மகாராஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணீர்? தண்ணீராவது வருமா?"

"கட்டாயம் வரும். சுமப்பவர்கள் கூடார நிழலில் தயாராக நிற்கிறார்கள். ஊற்று பள்ளத்துக்குள், தங்கள் பார்வைக்கு அப்பால் இருக்கிறது. தர்பாரை விட்டு நீங்குகிற ஒவ்வொருவருக்கும் கட்டியக்காரர் தங்கள் நூற்றெட்டு விருதுப் பெயர்களையும் முழங்கி, காரணம் அறிவித்து, உத்தரவு வாங்கித் தர வேண்டும். ஒன்பதாம் முறை. முதல் ஆளுக்கு இப்போதுதான் அறுபத்திரண்டாவது விருது முடிந்திருக்கிறது."

கட்டியக்காரருக்கோ தொண்டை கட்டிவிட்டது. "பகைவர் மணிமுடி... தாங்கும்... பாதார..." என்று இழுத்து இருமினார். இடையில் யாராவது மேட்டோரம் தலைகாட்டினால், வந்தவர் பெயரையும் குலத்தையும் கூவிவிட்டு மறுபடி முதல் விருதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்படியே வெயில் ஏறியது. மகாராஜா வெறும் வயிற்றோடு, தூசி படிந்த காலோடு உட்கார்ந்து பல்லைக் கடித்தார்.

ராயருக்கு மட்டும் உள்ளூர ஆனந்தம். "மகாராஜா, பாதிப் பொழுது போய்விட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விகடன் தோற்றான்" என்றார். அவர் சேர்த்துவைத்திருந்த மோர் முழுவதையும் விடியுமுன்னே குடித்துவிட்டு வந்திருந்தார். அது இப்போது வேலையைக் காட்டியது. கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றார். பிறகு மெல்ல நழுவப் பார்த்தார்.

"ராயரே! உத்தரவில்லாமலா?" என்றான் கொழுந்துவேலன். "கட்டியக்காரரே, ராயர் தர்பாரை விட்டு நீங்குகிறார். காரணத்தைக் கேட்டு அறிவியுங்கள்."

ராயர் முகம் சிவந்து கட்டியக்காரரின் காதில் ஏதோ முணுமுணுத்தார். கட்டியக்காரர் முறைமை தவறாதவர். இருந்த குரலையெல்லாம் திரட்டி முந்நூறு பேருக்கும் கேட்கும்படி மூன்று முறை முழங்கினார். "பூதலிங்கராயர் சிறுநீர் கழிக்க விழைகிறார், பராக்!" தர்பாரில் சிரிக்கலாகாது என்பது ஆறாம் முறை. முந்நூறு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

விருதுகள் வேண்டாம் என்று மகாராஜாவே கையசைத்துவிட்டார். ராயர் கூப்பிய கையை எடுக்க முடியாது, முதுகைக் காட்டவும் முடியாது. மேட்டுச் சரிவில் பின்னோக்கி நடந்தார். அவசரம் வேறு. அங்கியைத் தூக்கிப் பிடிக்கக் கை இல்லை. நாலாவது அடியில் அங்கியின் விளிம்பை மிதித்தார். மல்லாக்க விழுந்தார். அங்கி முழங்காலுக்கு மேலே போயிற்று, இரண்டு கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. அந்தக் கால்களில் பஞ்சு வைத்துத் தைத்த, பளபளவென்ற சிவப்புத் தோல் செருப்புகள்.

மகாராஜா செருப்பைப் பார்த்தார். கொழுந்துவேலனின் கொப்புளம் பூத்த காலைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார். கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் ராயர் அந்த நிலையிலும் கூப்பிய கையை எடுக்காமல் கிடந்ததைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்தார். ஆறாம் முறை அதோடு காற்றில் போயிற்று. முந்நூறு பேரும் சிரித்துத் தீர்த்தார்கள்.

"போதுமப்பா, போதும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மகாராஜா. "இவ்வளவு பெரிய தர்பாரை என்னால் கட்டி ஆள முடியாது. இன்று முதல் என் தர்பார் இந்த ரத்தினக் கம்பளம் மட்டும்தான். இதற்கு வெளியே எதை வேண்டுமானாலும் காலில் மாட்டிக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு வேண்டும்!"

செருப்புக் குவியலின் பூட்டு உடைந்தது. மாடக்கண்ணுவின் ஆட்கள் காலைத் துணியால் சுற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காவலர்களும் ஆளுக்கொரு குடம் தூக்கினார்கள். வெயில் தணியுமுன்னே இருபது குடம் வந்து சேர்ந்தது.

மாடக்கண்ணு செருப்பைக் கம்பளத்தின் ஓரத்தில் கழற்றிவிட்டு, மகாராஜாவின் பாதத்தில் தண்ணீர் வார்க்கக் குனிந்தான். அப்போதுதான் அவர் அவன் கால்களைப் பார்த்தார். ஐந்து நாளாக எதிரிலேயே வந்து போன கால்கள். தம் கால்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

"வந்த மறுநாள்லேர்ந்து மகாராசா."

மகாராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தாடியை நீவினார். பிறகு, "இந்தத் தண்ணீர் இவர்கள் கால் கழுவ. குங்கிலிய வெண்ணெய்ச் சட்டியையும் கொண்டுவா" என்றார். பத்துப் பேரும் காலைக் கழுவித் துடைத்து வெண்ணெய் பூசும்வரை தூசிக் காலோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இவர்கள் புண் ஆறும்வரை தண்ணீர் சுமக்கும் வேலை ராயருக்கு. "செருப்புப் போட்டுக்கொண்டே போகட்டும். இன்னொரு புண்கால் இந்தப் பாசறையில் வேண்டாம்" என்றார்.

பிறகு கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்துவேலனுக்குப் போட்டார். அதோடு ராயரின் சிவப்புச் செருப்புகளையும் பரிசாகக் கொடுத்தார். "போட்டுக் காட்டு. அளவு சரியாக இருக்கிறதா?"

கொழுந்துவேலன் அசையவில்லை. கம்பளத்தின் விளிம்பில் கொஞ்சம் உள்ளேதான் நின்றிருந்தான். "மன்னிக்க வேண்டும் மகாராஜா. தர்பாரில் நிற்கிறேன்."

மகாராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். மெத்தையிலிருந்து எழுந்தார். வெறுங்காலோடு நடந்து வந்து, தாமே குனிந்து, கொழுந்துவேலனை ஒரு கையால் நகர்த்திவிட்டுக் கம்பளத்தின் ஓரத்தை ஒரு முழம் மடித்துவைத்தார்.

"இப்போது போடு" என்றார்.