வரிக்கு வரி எம்

பஸ் டிக்கெட் முன்பதிவு தொடங்க அரைமணிதான் இருந்தது, சர்வர் அசையவில்லை. மேனேஜர் எம். சட்டநாதன் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸ் சர்வருக்கு மாற்றியவள் செண்பகவல்லி. அவள் செய்த பாவம் அவ்வளவுதான்.

"நான் எழுதினதை நீ கெடுத்திருக்கே. இல்லேன்னா நிரூபி. முடியலேன்னா இன்னிக்கே கிளம்பு," என்று ஆபீஸே கேட்கக் கத்தினார்.

அவள் கோப்பைத் திறந்தாள். "ஒவ்வொரு வரி முடியும்போதும் என்டர் தட்டினது யார் சார்?"

"நான்தான். அதுக்குமா ஆள் வைப்பேன்?"

மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் வரவைத்தாள். ஒவ்வொரு வரியின் வாலிலும் ஆங்கில எழுத்து 'எம்' முளைத்தது.

"உங்க இனிஷியல் சார். விண்டோஸ்ல யார் என்டர் தட்டினாலும் இந்த எம் ஒட்டிக்கும். லினக்ஸுக்கு இது ஆகாது, அதான் முரண்டு பிடிக்குது."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சட்டநாதன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, சரி. எல்லாத்தையும் எடுத்துத் தொலை."

"எடுத்தா உங்க பேர் போயிடுமே சார்?"

"போனா போகட்டும், எடும்மா."

எடுத்தாள். சர்வர் ஓடியது. பேரும் போயிற்று.