கோடு விலகாத வட்டு

மேட்டுப்பாளையத்தில் சவரிராயன் பட்டறை என்றால் மலை ஏறுகிற கார்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவரிடம் நாலு வருஷமாகத் தொழில் படித்தவர் குப்பண்ணன். சிஷ்யர்தான், ஆனால் குருவைவிட ஆறு வயது மூத்தவர். அதற்கு முன்னால் பஞ்சு மில்லில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். மனுஷன் மறுபேச்சுக்கு வாயே திறக்கமாட்டார்.

அந்த வருஷம் கோத்தகிரி டாக்டருடைய ஆறு சிலிண்டர் காரில் எஞ்சினைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு, கிராங்க் ஷாப்ட், இரண்டாக முறிந்தது. பிரசவ வலி எடுத்தவர்களைக் கீழே கொண்டுவர அந்தப் பக்கம் இருந்த ஒரே வண்டி அது. கப்பலில் வந்த புது ஷாப்டைப் போட்டாகிவிட்டது. இதுவும் போனால் அடுத்தது வர ஆறு மாதம்.

எஞ்சின் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஷாப்ட் முறுக்கிக்கொண்டு நடுங்கும். அதை அடக்கத்தான் முனையில் ஒரு கனத்த வட்டு. வட்டுக்கும் ஷாப்டுக்கும் நடுவே உரசுகிற துண்டு ஒன்று, அதை அழுத்த ஸ்பிரிங். துண்டுக்கு எதைப் போடுவது? நல்ல பிரேக் லைனிங்காகப் போட்டு ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கச் சொன்னார் சவரிராயன். குப்பண்ணன் அப்படியே செய்தார்.

கல்லாறு வரை ஓட்டிப் பார்த்தார்கள். முப்பது மைல் வேகம் வந்ததும் அதே நடுக்கம், காலடிப் பலகை வரைக்கும். டாக்டரின் டிரைவர் பெள்ளிக்கு முகம் செத்துப்போயிற்று. நாளைக் காலையில் ஒரு பெண்ணைக் கீழே கொண்டுவர வேண்டும் என்றான்.

சவரிராயன் சாக்கட்டி எடுத்தார். வட்டின் மேலும் ஷாப்ட் முனையின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். மறுபடி ஒரு ஓட்டம். திரும்பி வந்து பார்த்தால் கோடு போட்டபடியே நேராக இருந்தது.

“உரசவே இல்லை. வட்டு கொஞ்சம் வழுக்கி உரசினாத்தான் நடுக்கம் அடங்கும். ஷாப்ட் ஆடின ஆட்டமெல்லாம் இதுவும் கூடவே ஆடியிருக்கு,” என்றார். பிறகு குப்பண்ணனைப் பார்த்து, “உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டார்.

குப்பண்ணன் ரொம்பத் தயங்கினார். மில்லில் எண்ணெயில் ஊறப்போட்ட கான்வாஸ் பட்டை உண்டு, பிடிக்கவும் பிடிக்கும், கொஞ்சம் வழுக்கவும் வழுக்கும், அதை வைத்து ஸ்பிரிங்கை இரண்டு சுற்று தளர்த்தினால் தேவலை என்றார்.

“இது எப்பத் தோணுச்சு?”

“நீங்க லைனிங் போடச் சொன்ன அன்னைக்கேங்க.”

சவரிராயன் கான்வாஸைத் தானே வெட்டிக் கொடுத்தார். புதுக் கோடு போட்டு ஓட்டினார்கள். முப்பதைத் தாண்டியும் வண்டி சாதுவாகப் போனது. கோடு இரண்டு விரற்கடை விலகியிருந்தது. பெள்ளி சிரித்துக்கொண்டே வண்டியை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

குப்பண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. வழியில் அந்தப் பெண்ணோடு வண்டி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

“நாலு வருஷமா உங்க பேச்சைத் தட்டினதில்லைங்க வாத்தியாரே. சிஷ்யன்னா அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சுட்டேன்.”

கழற்றிப் போட்டிருந்த பிரேக் லைனிங்கை எடுத்து, பழந்துணியில் துடைத்து, அவர் கையில் வைத்தார் சவரிராயன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“இதுவும் அப்படித்தான் நெனச்சிருக்கும்.”